வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வாவி

மட்டக்களப்பில் வேலையும் இருக்கிறது, வேலையற்றோரும் இருக்கிறார்கள். இரண்டும் சந்திக்காமல் தடுப்பவை எவை? அவற்றை நீக்க ஊருக்குள்ளேயே என்ன உதவி இருக்கிறது?

ஆடைத் தொழிற்சாலை வாசலில் ‘ஆட்கள் தேவை’ என்று பலகை தொங்குகிறது. பாசிக்குடா ஹோட்டல்களில் சமையலறைக்கு ஆள் தட்டுப்பாடு. வீடு கட்டுபவர் நல்ல டைல் பாஸ் ஒருவருக்காகக் கிழமைக்கணக்கில் காத்திருக்கிறார். இது மட்டக்களப்பின் ஒரு பக்கம். மறுபக்கத்தில் ஏ.எல். முடித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். பட்டம் பெற்றவர்கள் நியமனக் கடிதத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள். தாய்மார் வளைகுடா நாடுகளுக்குப் போகக் கடவுச்சீட்டு எடுக்கிறார்கள்.

‘இந்தக் காலத்துப் பொடியன்மாருக்குச் சோம்பல்’ என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. ‘பயிற்சி போதாது’ என்பது அதைவிடக் கொஞ்சம் மரியாதையான பதில். ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகும், 2007இல் கிழக்கில் போர் முடிந்த பிறகும் இந்த மாவட்டத்துக்கு வந்த பயிற்சிகளுக்குக் கணக்கில்லை. தையல், கேக், அழகுக்கலை, கணினி என்று வாங்கிய சான்றிதழ்கள் பல வீடுகளில் பைலுக்குள் கிடக்கின்றன. பயிற்சி முடிந்த நாளுக்கும் முதல் சம்பள நாளுக்கும் நடுவில்தான் ஆட்கள் விழுந்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் கிடப்பவை சின்னச் சின்னத் தடைகள்: ஒரு துறை, ஒரு கடதாசி, ஒரு கைக்குழந்தை, ஒரு கடன், ஒரு மொழி. தனித்தனியே பார்த்தால் எல்லாமே தீர்க்கக்கூடியவை. தீர்ப்பதற்குக் கொழும்பிலிருந்து யாரும் வரத் தேவையில்லை. ஆளையும் ஊரையும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும்.

கணக்கில் வராதவர்கள்

இலங்கையின் வேலையின்மை வீதம் 2023இல் 4.7. உலக அளவில் இது நல்ல எண்தான். ஆனால் தொழிற்படை மதிப்பீட்டில் கணக்கெடுப்புக்குரிய கிழமையில் ஒரு மணித்தியாலம் உழைத்திருந்தாலே ஒருவர் ‘வேலையில் உள்ளவர்’ ஆகிவிடுகிறார். கிழமையில் இரண்டு நாள் வாவியில் வலை வீசி, மிச்ச நாள் சும்மா இருப்பவரும் வேலையில் உள்ளவரே. அறுவடைக்கு மட்டும் வயலுக்குப் போகிறவரும் அப்படியே. இப்போது நெல்லை மெஷின் வெட்டுகிறது என்பதால் அந்த அறுவடைக் கூலியும் சுருங்கிவிட்டது.

வேலை தேடுவதையே விட்டுவிட்டவர்கள் இந்த வீதத்துக்கு வெளியே நிற்கிறார்கள். 2023இல் நாட்டின் ஆண்களில் 68.6 வீதத்தினர் தொழிற்படையில் இருந்தார்கள், பெண்களில் 31.3 வீதத்தினர் மட்டுமே. போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் நிறைந்த மாவட்டத்தில், பத்தில் ஏழு பெண்கள் ‘வேலை தேடாதவர்கள்’ என்ற நாட்டுக் கணக்கை அப்படியே ஏற்க முடியாது. அவர்களில் பலர் தேடிப் பார்த்து, வழி இல்லாமல் நிறுத்தியவர்கள்.

துறையில் தொடங்கும் தடை

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் நெடுஞ்சாலை, நகரம், வைத்தியசாலை, கல்லூரி, தொழிற்சாலை. மேற்கே படுவான்கரையில் வயல், குளம், மாடு. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி ஆகிய மூன்று பிரதேச செயலகப் பிரிவுகளும் அந்தக் கரையில் உள்ளன. மாவட்டத்தின் வறுமை பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் வரும் பெயர்கள் இவை.

வலையிறவுப் பாலமும் பட்டிருப்புப் பாலமும் இரு கரைகளையும் இணைக்கின்றன. 2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்கள் அந்தத் துறையில் ‘பாதை’க்குக் காத்திருந்தார்கள். வாகனத்தையும் ஆளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு இங்கே பாதை என்று பெயர். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், வடக்கே சந்திவெளிக்கும் திகிலிவெட்டைக்கும் இடையிலும் மக்கள் பாதையை நம்பிப் பழகியவர்கள்.

காலை ஏழரைக்குத் தொழிற்சாலைக்குள் நிற்க வேண்டும் என்றால், படுவான்கரைப் பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும்? உள்வீதியில் சைக்கிள், பிறகு துறை, அக்கரையில் பஸ். மார்கழியில் வெள்ளம் ஏறினால் பாதை நின்றுவிடும். வயலோர ஊர்களில் விடியற்காலையிலும் பொழுதுபட்ட பிறகும் யானைப் பயம். ஹோட்டலில் இரவு பத்து மணிக்கு வேலை முடிந்தால் வீடு திரும்ப வாகனமே இல்லை. மகளை அனுப்பாத தகப்பனைப் பிற்போக்கானவர் என்று சொல்லும் முன் அந்த இருட்டு வீதியையும் பார்க்க வேண்டும்.

தூரத்துக்கும் வேலையின்மைக்கும் உள்ள உறவை எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். நகரத்தின் விளிம்பில் வாழ்ந்த இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தேடப் பஸ் காசு கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி, நேர்முகத்தில் பேசுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்து, திறனைச் சோதித்துச் சான்றிதழும் கொடுத்தார்கள். தொடக்கத்தில் இரண்டுமே பலன் தந்தன. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் வருமானத்தில் வித்தியாசம் தெரிந்தது இரண்டாவது உதவியைப் பெற்றவர்களிடம்தான். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பஸ் பயணமும் இதே தடையை வேறு பக்கத்திலிருந்து தொட்டது. பஸ் காசை வீட்டில் கேட்க வேண்டியதில்லை என்ற நிலை வந்ததும் வேலைக்குப் போகலாமா என்ற பேச்சே மாறுகிறது.

படுவான்கரைக்கும் இப்படி யோசிக்கலாம். தொழிற்சாலை பஸ் எழுவான்கரை நெடுஞ்சாலையோடு நின்றுவிடாமல் பாலம் கடந்து உள்ளே வர வேண்டும். துறையின் முதல் பயணமும் கடைசிப் பயணமும் வேலை நேரத்தோடு பொருந்த வேண்டும். இரண்டையும் பேசித் தீர்க்கப் பிரதேச மட்டத்தில் ஒரு கூட்டம் போதும்.

கையில் தொழில், கையில் கடதாசி இல்லை

இருபது வருடம் மேசன் வேலை செய்தவர் இந்த மாவட்டத்தில் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். போர்க் காலத்தில் பள்ளிக்கூடம் இடையில் நின்றது. தொழிலைப் பழக்கியது தகப்பனோ மாமனோ. சுவர் நேராக நிற்கிறது, ஆனால் அவர் மேசன் என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசி இல்லை. உள்ளூரில் கூலிக்கு அது தேவைப்படாது. பெரிய கட்டட நிறுவனத்துக்கோ வெளிநாட்டுக்கோ போக நினைத்தால் முதற்கேள்வியே அதுதான்.

இதற்கு வழி ஏற்கெனவே உண்டு, பலருக்குத் தெரியாது. தேசிய தொழிற்தகைமை முறையில் ஒன்று முதல் ஏழு வரை மட்டங்கள் உள்ளன. மூன்றும் நான்கும் கைத்தொழிலாளருக்கு உரியவை. ஐந்தும் ஆறும் டிப்ளோமாத் தரம். ஏழு பட்டத்துக்குச் சமம். வகுப்பில் உட்காராமல், செய்து பழகிய தொழிலைக் காட்டியே சான்றிதழ் பெறும் முறையும் இதில் உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் போன்ற ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்ட வேண்டும். தேறினால், முறையாகப் படித்து வந்தவருக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ்தான் இவருக்கும். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை இதைச் செய்கிறது.

சிக்கல் ஆதாரத் தொகுப்பில் வருகிறது. பேனையைப் பிடித்து வருடக்கணக்கான ஒரு பாஸுக்கு அந்தப் படிவம் ஒரு மதில். பக்கத்து வீட்டு ஏ.எல். பிள்ளை ஒன்று ஒரு பின்னேரம் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தால் மதில் சரிந்துவிடும். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் மாதத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கினால் எத்தனையோ பேர் கரையேறுவார்கள்.

இளையவர்களுக்கு வேறு கதை. ஓ.எல். கணிதத்தில் தவறினால் எல்லாம் முடிந்தது என்று வீட்டாரே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மஞ்சந்தொடுவாயிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் ஓ.எல். சித்தி கேட்காத பாடநெறிகள் உண்டு. அங்கிருந்து படிப்படியாக டிப்ளோமா வரை ஏறவும் இடம் உண்டு. இதை அந்தப் பிள்ளையிடம் பெறுபேறு வந்த கிழமையிலேயே சொல்ல வேண்டும். இரண்டு வருடம் வீட்டில் கிடந்த பிறகு சொன்னால் காது கேட்காது.

பிள்ளையை யார் பார்ப்பது?

தனியார் துறைக்கான தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக உயர்ந்தது. 2026 ஜனவரியிலிருந்து 30,000. இந்தக் காசில் பஸ், பகல் சாப்பாடு, பிள்ளையைப் பார்ப்பவருக்குக் கொடுப்பது எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்று ஒரு தாய் விரலை மடித்துக் கணக்குப் பார்க்கிறாள். மிச்சம் தேறாவிட்டால் வீட்டில் இருப்பதுதான் அவளுடைய கணக்கில் சரி.

மாற்றுவழி வெளிநாடு. இலங்கையிலிருந்து 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழிலுக்காக வெளியேறினார்கள். வீட்டுப் பணிக்குப் போகும் தாய்மாருக்கு 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டு, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ளவர்கள் தடுக்கப்பட்டார்கள். பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. அரசுக்கு டொலர் தேவைப்பட்டபோது பிள்ளையின் வயது குறைந்தது. அந்தத் தாய் ஊரிலேயே உழைக்க ஒரு பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அதே வேகத்தில் பதில் வரவில்லை.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் சேர்ந்தால் அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணையே சம்பளத்துக்கு நியமிக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்று எல்லோரும் சொன்னது அந்தச் சட்டம் தந்த வேலையைத்தான். மட்டக்களப்பில் கோயில் மண்டபங்களும் பள்ளிவாசல் கட்டடங்களும் முன்பள்ளிகளும் பகலில் பல மணிநேரம் பூட்டிக் கிடக்கின்றன. கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர்மாரும் பள்ளிவாசல் நிருவாகமும் மனம் வைத்தால், மாதர் சங்கம் பொறுப்பெடுத்தால், பிள்ளையைப் பார்க்கும் வேலையே நாலு பெண்களுக்குத் தொழிலாகும்.

கடன் இன்னொரு முடிச்சு. கிழமைக் காசு கட்டும் குழு லோன் எடுத்த பெண்ணுக்கு மாதச் சம்பளம் பொருந்தாது. முதல் சம்பளம் வரும் முன் நாலு தவணை போய்விடும். ஆகவே தினமும் கையில் காசு தரும் கூலியையே அவள் பிடித்துக்கொள்கிறாள். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தபோது மட்டக்களப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. பழைய கடன் போனாலும் தவணை முறை மாறவில்லை. வேலைக்குச் சேரும் முதல் மாதத்துக்கு ஒரு சிறு முற்பணம் கொடுக்க ஊர்ச் சங்கங்களால் முடியும். அது பெரிய நிவாரணமில்லை, ஆனால் சரியான நேரத்தில் வரும் உதவி. போரில் இடம்பெயர்ந்த பெண்களுக்காகத் தொடங்கி, 1993 முதல் மட்டக்களப்பில் இயங்கும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகளுக்கு இப்படிப்பட்ட வீட்டுக் கணக்குகள் நன்றாகத் தெரியும். திட்டம் தீட்டுகிறவர்கள் அவர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.

மூன்று வீதமும் மூன்று மொழியும்

அரச சேவை வெற்றிடங்களில் மூன்று வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் அவர்களின் உரிமைகளை உறுதி செய்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர் ஏதோ ஒரு இயலாமையோடு வாழ்ந்தார்கள். மூன்று வீதம் ஏட்டில் இருக்கிறது. படி இல்லாத வாசலும், சக்கர நாற்காலி நுழையும் கழிவறையும் எத்தனை அலுவலகங்களில் இருக்கின்றன?

அவுஸ்திரேலிய அரசின் உதவியோடு 2016இல் தொடங்கி மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை, பொலன்னறுவை மாவட்டங்களில் சுற்றுலாத் துறையை மையமாக வைத்து நடந்த திறன் வளர்ச்சித் திட்டம் ஒரு நல்ல பாடம் தந்தது. மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி கொடுத்ததோடு அது நிற்கவில்லை. வேலை கொடுப்போரையும் உட்காரவைத்துப் பேசியது. சிறு தொழில் நடத்துவோரின் இடத்துக்கே பயிற்றுநர்களை அனுப்பியது. முதலாளியின் தயக்கமும் ஒரு தடைதான்; அதற்கும் ஒருவர் வேலை செய்ய வேண்டும்.

பாசிக்குடாவில் 2011 முதல் நட்சத்திர ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தபோது, நல்ல பதவிகளுக்கு வெளியூரார் வருகிறார்கள், எங்கள் பிள்ளைகளுக்குத் துப்புரவு வேலையே மிச்சம் என்று சுற்றுவட்டாரத்தில் குறை எழுந்தது. அதில் நியாயம் உண்டு. அங்கே விருந்தாளியிடம் ஆங்கிலமும், மேலாளரிடம் சிங்களமும் பேச வேண்டியிருக்கிறது. வாழைச்சேனை, கல்குடாப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி தமிழ் மட்டும். ஹோட்டலுக்குத் தேவையான ஆங்கிலம் கடலளவு அல்ல; அறை, சாப்பாடு, வழி, நேரம், மன்னிப்பு, நன்றி. ஆறு மாதப் பின்னேர வகுப்பில் நாக்கு பழகிவிடும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இல்லாத ஊர் மட்டக்களப்பில் இல்லை.

காத்திருப்பின் விலை

2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அரச உத்தியோகத்துக்காக வாழ்க்கையை நிறுத்திவைக்கிறார்கள் என்று அவர்களைக் குறை சொன்னோர் பலர். சொல்வது சுலபம். இந்த மாவட்டத்தின் தொழிற்சாலை வரலாறு நம்பிக்கை தரும்படி இல்லை.

வாழைச்சேனைக் கடதாசி ஆலையை எடுத்துக்கொள்வோம். ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் கருக்கொண்டு, 1956இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை அது. வயலில் வீணாகும் வைக்கோல் கடதாசியானது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பின. போரும் நட்டமும் சேர்ந்து அதைப் படுக்கவைத்தன. அரச ஆலையே அப்படிப் போனதைக் கண்ட ஊரில், மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள மேசை வேலையைத் தேடுவது பேராசையில்லை.

ஆலை மூடினால் ஊர் என்னாகும் என்பதை உலகுக்கு முதலில் காட்டியது ஒஸ்ரியாவின் மரியன்தால் கிராமம். அங்கே நூற்பாலை மூடிய பிறகு ஆய்வாளர்கள் போய்த் தங்கி, 1933இல் நூலாக வெளியிட்டார்கள். நேரம் நிறைய இருந்தும் மக்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள், தெருவில் நடையே மெதுவானது என்று அவர்கள் பதிந்தார்கள். அதே கிராமத்தில் 2020இல் ஒரு முயற்சி தொடங்கியது. நீண்ட காலம் வேலையின்றி இருந்த ஒவ்வொருவருக்கும் முதலில் சில கிழமை ஆயத்தப் பயிற்சியும் தனிப்பட்ட வழிகாட்டலும். பிறகு அவருக்குப் பொருந்தும் வேலை, இல்லாவிட்டால் ஊருக்கே பயன்படும் ஒரு வேலையை உருவாக்கிக் கொடுத்தார்கள். நீண்டகால வேலையின்மை அங்கே பெருமளவு ஒழிந்தது. பணம் செலவானது உண்மை. ஆனால் ஆளுக்கு ஆள் உட்கார்ந்து பேசியதும் அந்த முயற்சியின் ஒரு பகுதி.

பக்கத்தில் நிற்க ஆள் உண்டு

அப்படி உட்கார்ந்து பேச மட்டக்களப்பில் யார் இருக்கிறார்கள்? மாவட்டத்தில் 14 பிரதேச செயலகங்கள். மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் கீழ் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் அங்கே பணிபுரிகிறார்கள். வேலை தேடுவோரைப் பதிவது, தொழில் வழிகாட்டுவது, தொழிற்சந்தை நடத்துவது அவர்கள் வேலை. தொழிற்சந்தை நடந்த மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. பதிந்தவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் அந்த வேலையில் நிற்கிறார்கள் என்ற செய்தி வருவதில்லை. அதைக் கேட்டுப் பார்க்க ஒரு உத்தியோகத்தருக்கு நேரம் போதாது.

ஆனால் அதே செயலகங்களில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 2018இலும் 2020இலும் நடந்த பெரும் பட்டதாரி நியமனங்களில் நாடு முழுதும் பல்லாயிரம் பேர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகவும் பயிலுநர்களாகவும் சேர்க்கப்பட்டார்கள். மேசை போதாமல் ஆட்கள் நிறைந்த அறைகள் என்று அவர்களைக் கேலி பேசாதவர் குறைவு. வேலையில்லாத் துன்பத்தை வாழ்ந்து பார்த்தவர்கள் இவர்கள். தங்கள் கிராம சேவகர் பிரிவில் எந்த வீட்டில் யார் சும்மா இருக்கிறார்கள் என்று அறிந்தவர்கள். இவர்களில் ஒவ்வொருவரிடமும் வேலை தேடும் இருபது பேரை ஒப்படைத்தால் என்ன? படிவம் நிரப்ப, நேர்முகத்துக்குக் கூடப் போக, பஸ் நேரம் பார்க்க, வேலையில் சேர்ந்த முதல் மூன்று மாதமும் கிழமைக்கொரு தடவை அழைத்து விசாரிக்க. புதிய சட்டம் வேண்டாம், புதிய ஆட்சேர்ப்பு வேண்டாம்; மாவட்டச் செயலகத்தின் ஒரு பணிப்புரையே போதும்.

திட்டக் காசில் வரும் உதவி, திட்டம் முடியும் நாளில் போய்விடுகிறது. சுனாமிக்குப் பிந்திய இருபது வருடத்தில் மட்டக்களப்பு இதைப் பல முறை பார்த்துவிட்டது. செயலகமும் சங்கமும் கோயிலும் பள்ளிவாசலும் போய்விடுவதில்லை. உதவி அங்கேதான் வேரூன்ற வேண்டும்.

இதை வாசிப்பவர் வேலை தேடுபவரானால் இந்தக் கிழமையே மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேட்டுப் பெயரைப் பதியுங்கள். தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லையென்றால், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை பற்றி அவரிடம் விசாரியுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழில் பிழையோ குறையோ இருந்தால் நேர்முகக் கடிதம் வரும் வரை காத்திருக்காமல் இப்போதே திருத்துங்கள். வேலையில் இருப்பவரானால், உங்கள் ஒழுங்கையில் வேலையில்லாமல் இருக்கும் ஒருவரை அழைத்துக்கொண்டு அந்தச் செயலகத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள்.